ஆடியில் கேட்ட விதை ஆவணியில் வந்தால்...

நாவலூர் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு பக்கம் இருக்கிறது. அதில் ஒன்றரைப் பக்கம் கோபம். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் 40 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கீரையும் வெண்டையும் போட்டுப் பிழைக்கும் குடும்பம். ஜூலை 26-ம் தேதி, அதாவது ஆடி 10 அன்று, மகன் செல்போனில் அரை கிலோ வீரிய ஒட்டு வெண்டை விதையும் ஒரு பேட்டரி தெளிப்பானும் ஆர்டர் போட்டிருக்கிறார். பணமும் அப்போதே கட்டியாகிவிட்டது. ஜூலை 31-க்குள் வந்து சேரும் என்று திரையில் தேதி காட்டியது. ஆடிப்பெருக்குக்கு விதைத்துவிடலாம் என்று டிராக்டர் வைத்து இரண்டு சால் ஓட்டி, தொழு உரம் போட்டு, பார் பிடித்துக் காத்திருந்தார்கள்.

தெளிப்பான் சொன்ன நாளில் வந்தது. விதை வந்தது ஆகஸ்ட் 20-ம் தேதி. ஆவணி பிறந்து நான்கு நாளாகிவிட்டது. இடையில் ஒவ்வொரு நாளும் 'நாளை வந்துவிடும்' என்று குறுஞ்செய்தி. இரண்டு முறை 'வீட்டுக்கு வந்தோம், ஆள் இல்லை' என்று பதிவு. வீட்டில் மாமியார் திண்ணையை விட்டு நகரவே இல்லையாம். கஸ்டமர் கேருக்கு எழுதினால் முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு வந்த ஆள் மன்னிப்புக் கேட்டுவிட்டு '48 மணி நேரம் பொறுங்கள்' என்றார். அடுத்த முறை வேறொரு ஆள், அதே மன்னிப்பு, இன்னொரு 48 மணி நேரம். பார்சல் வந்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, விதை வகைக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

கடிதத்தின் கடைசி அரைப் பக்கத்தில்தான் கேள்வி. அடுக்குமாடியில் இருப்பவருக்குக் கொத்தமல்லிக் கட்டு 10 நிமிடத்தில் வருகிறது, அதே சாலையில் கொத்தமல்லி விளைவிப்பவருக்கு விதை 25 நாள் கழித்து வருகிறது, இது என்ன கணக்கு? விதையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது சட்டப்படி சரிதானா? போன பட்டத்துக்கு யார் பொறுப்பு?

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 10 நிமிடத்தில் வரும் பொருள், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் சிறு கிடங்கில் ஏற்கெனவே அடுக்கி வைத்த பொருள். அடுக்குமாடி நெருக்கமாக இருந்தால்தான் அந்தக் கிடங்கு கட்டுப்படியாகும். விதை அப்படி இல்லை. இணையதளம் பெரும்பாலும் கடைத்தெரு போலத்தான். கடை போட்டிருப்பவர் வேறொருவர். அவர் மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ இருக்கலாம். அவர் பொட்டலம் கட்ட இரண்டு நாள், அங்கிருந்து பெரிய கிடங்கு, பிறகு சென்னைக் கிடங்கு, அங்கே பின்கோடு பார்த்துப் பிரிப்பது, கடைசியில் வண்டிக்காரர். இத்தனை கைகளில் எங்கே தங்கினாலும் வாங்குபவருக்குத் தெரிவது 'வந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரே வரிதான். நாவலூருக்கு 600130 என்ற சென்னை வரிசை எண். அதே சாலையில் தெற்கே கேளம்பாக்கம் 603103, திருப்போரூர் 603110. பின்கோடு மாறினால் கடைசிக் கட்டத்தில் வேறு கூரியர் கைக்குப் பார்சல் மாறுவதும் உண்டு. பின்கோடு தவறாகப் போட்டால் பார்சல் ஊர் சுற்றும். நிலத்தின் முகவரியைத் தராமல், பகலெல்லாம் திறந்திருக்கும் மளிகைக் கடை, உறவினர் வீடு என்று ஆள் இருக்கும் முகவரியைக் கொடுப்பது நல்லது.

சேலையோ செருப்போ 20 நாள் தாமதமாக வந்தால் எரிச்சல்தான் மிச்சம். விதை அப்படியா? ஆடிப்பெருக்கையொட்டி, ஆகஸ்ட் 3-ம் தேதி வெண்டை ஊன்றினால் 45 நாளில் முதல் பறிப்பு. அது செப்டம்பர் 17, புரட்டாசி பிறக்கும் நாள். அந்த மாதம் பாதி ஊர் கறி மீன் தொடாது, காய்க்குக் கிராக்கி இருக்கும். பிள்ளையார் வைத்துக் கணக்குப் போட்டதுபோல நாள் பொருந்துகிறது. அதே விதையை ஆகஸ்ட் 21-ல் ஊன்றினால் முதல் பறிப்பு அக்டோபர் 5. புரட்டாசியில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் மீதி. அதன்பிறகு ஐப்பசி பிறக்கும், வடகிழக்குப் பருவமழை இறங்கும். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரப் பகுதிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. ஏரிக்குக் கீழே தாழ்வான நிலத்தில் நீர் தேங்கினால் வெண்டை வேர் அழுகும், பூ உதிரும், பறிக்க ஆள் இறங்க முடியாது. ஆக அந்தக் குடும்பத்துக்குப் போனது 20 நாள் அல்ல. நல்ல விலை கிடைக்கும் 10 பறிப்பு போனது. கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியாது, புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண். ஆனால் சட்டத்துக்குப் புரியும்படி சொல்ல முடியும்.

இனி இரண்டாவது கேள்வி. விதைக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை என்பது விற்பனையாளர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட விதி. நாட்டின் விதி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பது 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 23-ல், இணைய வணிகத்துக்கென்று தனி விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதில் 6-வது விதி விற்பனையாளருக்கானது. பொருள் குறைபாடு உள்ளதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, திருப்பி எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பலரும் கவனிக்காத ஒரு வரி அதே விதியில் இருக்கிறது. அறிவித்த தேதிக்குப் பின் தாமதமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. விதைக்கு, செடிக்கு, தெளிப்பானுக்கு என்று அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. மனித சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதம் என்றால் இந்த உரிமை கிடையாது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும் அதன் தெற்குப் புறநகரும் தண்ணீரில் நின்றபோது வர வேண்டிய பார்சல் வரவில்லை என்று வழக்குப் போட முடியாது. ஆனால் ஆடி ஆவணியில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. 'பண்டிகை நேர நெரிசல்', 'கூரியர் ஆள் பற்றாக்குறை' என்பதெல்லாம் அவர்கள் தொழிலின் சிரமம், இயற்கைச் சீற்றமாகாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அறிவித்த தேதி' என்பதற்கு ஆதாரம் வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். திரையில் காட்டும் தேதி நாளுக்கு நாள் மாறும். ஜூலை 31 என்று இருந்தது பிறகு ஆகஸ்ட் 5 ஆகும், அப்புறம் 9 ஆகும். கடைசியில் பார்த்தால் சொன்ன தேதியில்தான் வந்தது போலத் தோன்றும். ஆர்டர் போட்ட அன்றே அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாறும்போதெல்லாம் ஒன்று. 'வந்தோம், ஆள் இல்லை' என்று பொய்யாகப் பதிவு வந்தால் அன்றைக்கே, 'யாரும் வரவில்லை, போனும் வரவில்லை' என்று எழுத்தில் பதில். போனில் பேசியது காற்றோடு போய்விடும். செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுதியது நிற்கும்.

அடுத்தது, பலர் சறுக்கும் இடம். தாமதமாக வந்த விதையை என்ன செய்வது? பணம் வேண்டும் என்றால் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. விதைத்துவிட்டு விலையையும் திருப்பிக் கேட்டால் எந்த ஆணையத்திலும் நிற்காது. பிரிக்காமல் படம் எடுத்து, 'அறிவித்த தேதிக்கு 20 நாள் கழித்து வந்தது, திருப்பி எடுத்துப் பணத்தைத் தரவும்' என்று அன்றே எழுதி, புகார் எண் வாங்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தருவது இணையதளத்தின் கடமை என்று விதியே சொல்கிறது. வேறு வழியில்லை, நிலம் காய்கிறது, இருக்கிற விதையை ஊன்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஊன்றலாம். அப்போது விலையைக் கேட்க முடியாது, தாமதத்தால் வந்த நஷ்டத்தைத்தான் கேட்க முடியும். நாவலூர் வாசகி எதைச் செய்தார் என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இருந்தால் அப்படியே வைத்திருப்பது நல்லது.

கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அங்கே பேசுபவருக்குத் திரையில் இருக்கும் நான்கு பதிலைத் தவிர வேறு எதுவும் செய்ய அதிகாரமில்லை, அவரைத் திட்டியும் ஆகப்போவதில்லை. ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பொதுவாகப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சொல்லும் 48 மணி நேரத்துக்கும் இந்த 48 மணி நேரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அது வாய்தா, இது கெடு. தமிழிலேயே எழுதலாம். ஆர்டர் எண், அறிவித்த தேதி, வந்த தேதி, கேட்பது என்ன, இந்த நான்கும் இருந்தால் போதும். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்த கதையை அதில் எழுத வேண்டாம்.

விற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், வாங்கிய பிறகு எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரியைத் தளம் தர வேண்டும். இதுவும் விதிதான்.

அதற்கும் அசையாவிட்டால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பிரச்சினையை இழுத்தடிக்க நிறுவனங்களுக்கும் விருப்பம் இருக்காது என்பதால், சின்னத் தொகைக்கு இதை முதலில் முயல்வது நல்லது.

அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ குர்கானிலோ இருக்கிறதே, அங்கே போய் வழக்குப் போட முடியுமா என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். 2019 சட்டம் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடரலாம். நாவலூர்க்காரருக்குச் செங்கல்பட்டு. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இல்லை. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும், அதையும் மனதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

'நீங்கள் விவசாயத் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். பழைய வாதம்தான். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 2012 ஜனவரியில், தேசிய விதைக் கழகம் ஆந்திர விவசாயிகளுக்கு எதிராகக் கொண்டுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. விதைச் சட்டம் தனியாக இருந்தாலும் விவசாயி நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, பரிசோதனைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பின் போக்கு. முளைக்காத விதைக்காக நடந்த வழக்கு அது, தாமதத்துக்காக அல்ல. ஆனாலும் 'விவசாயி நுகர்வோரா' என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி கடினமானது. போன பட்டத்துக்கு யார் பொறுப்பு? விதை விலை, டிராக்டர் வாடகை, பார் பிடித்த கூலி, மன உளைச்சல் இவற்றைக் கேட்கலாம், ரசீது இருந்தால் நிற்கும். டிராக்டர்காரர் ரசீது தர மாட்டார்தான். கூகுள்பேயிலோ வேறு வழியிலோ பணம் அனுப்பிய பதிவு இருந்தாலும் போதும். கைக்கு வராத 10 பறிப்புக்கு விலை கேட்பது வேறு விஷயம். விதை வராதது தெரிந்த பிறகு பக்கத்தில் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்தப் பகுதி விழுந்துவிடும். 'கேளம்பாக்கத்தில் கேட்டோம், அந்த ரகம் இல்லை' என்பது உண்மையாக இருந்தால் அதுவே பதில். கேட்டால் கிடைக்கட்டுமே என்று 2 லட்சம், 3 லட்சம் என்று எழுதுபவர்கள் உண்டு. 40 சென்டில் வெண்டைக்கு அவ்வளவு வராது என்று மனுவைப் படிப்பவருக்கும் தெரியும். உழவர் சந்தை விலைப் பட்டியலை வைத்து, பறிப்புக்கு இத்தனை கிலோ, கிலோ இத்தனை ரூபாய், அதில் பறிப்புக்கூலி போக இவ்வளவு என்று நேர்மையாகப் போட்ட கணக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கோபத்தில் செய்யும் ஒரு காரியம் இதைவிடப் பெரிய நஷ்டத்தில் தள்ளிவிடும். கஸ்டமர் கேர் கிடைக்கவில்லை என்று கூகுளில் எண் தேடுவது. தேடலில் முதலில் வரும் எண் நிறுவனத்தின் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. மோசடிக்காரர்கள் போலி எண்ணை அங்கே போட்டு வைத்திருப்பார்கள். பேசுபவர் மிகவும் பணிவாக, உடனே, சுத்தத் தமிழில் பேசுவார். அசலைவிட நன்றாகப் பேசுகிறார் என்றாலே சந்தேகப்படலாம். 'பணம் திருப்பி அனுப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்' என்பார். இறக்கினால் உங்கள் போன் திரை அவருக்குத் தெரியும். அல்லது '5 ரூபாய் மட்டும் அனுப்பி உறுதி செய்யுங்கள்' என்று யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடச் சொல்வார். பணம் வாங்குவதற்கு அந்த எண்ணைப் போட வேண்டிய தேவையே இல்லை, பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். எண் வேண்டுமானால் ஆர்டர் போட்ட செயலிக்குள்ளேயே தேட வேண்டும். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930-ஐ அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கணக்கில் பணம் பிடித்துவிட்டது, ஆர்டர் பதிவாகவில்லை என்பது இன்னொரு அடிக்கடி வரும் புகார். இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே கெடு வைத்திருக்கிறது. பரிவர்த்தனை நாள் போக 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். வங்கியில் கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

சரி, விதையை இணையத்தில் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. ஆன்லைனில் பில் கட்டாயம் வருகிறது. பல ஊர் விதைக் கடைகளில் பில் கேட்டால் ஏதோ கடன் கேட்டதுபோலப் பார்க்கிறார்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தன் அர்கா ரக விதைகளை இணையத்தில் நேரடியாகவே விற்கிறது, தபாலில் வரும். ஊர்க் கடையில் கிடைக்காத அந்த ரகங்களுக்கு அது நல்ல வழி. தார்பாய், தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய் இணைப்பு, களைக்கொத்தி, நிழல்வலை, இவை பத்து நாள் பிந்தினாலும் கெட்டுப்போகாது. வாங்கலாம்.

நாள் குறித்த பொருளுக்குக் கணக்கு வேறு. பட்டத்துக்கு 10 நாள் முன்பு ஆர்டர் போடுவது ரயில் கிளம்பும் நேரத்தில் வீட்டைப் பூட்டுவது மாதிரி. விதை என்றால் குறைந்தது 30 நாள் முன்பு. அப்படியும் வரவில்லையென்றால் விதைப்புக்கு ஒரு வாரம் முன்பே ஆர்டரை ரத்து செய்துவிட்டு உள்ளூரில் வாங்கிவிட வேண்டும். நாளை வரும் நாளை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில்தான் நாவலூர்க் குடும்பத்துக்கு ஈரம் போனது. ரத்து செய்ததற்குக் கட்டணம் பிடித்தால், தளம் தானாக ரத்து செய்யும்போது அதே அளவு உங்களுக்குத் தருகிறதா என்று கேளுங்கள். அவர்கள் தராதபோது உங்களிடமும் பிடிக்கக் கூடாது. 'இன்னும் 2 பாக்கெட் மட்டுமே மீதி' என்று சிவப்பில் மின்னுவதைப் பார்த்தும் அவசரப்பட வேண்டாம். பொய்யாக அப்படி அவசரப்படுத்துவது முறையற்ற செயல் என்று 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலில் பட்டியல் போட்டே சொல்லியிருக்கிறார்கள்.

வேளாண்மைத் துறை விதை எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை உழவன் செயலியிலேயே பார்க்கலாம். கேளம்பாக்கம், தையூர்ப் பக்கத்தவர் திருப்போரூர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் எட்டும் தூரம்தான்.

உயிருள்ள இடுபொருளை மட்டும் தெரியாத தளத்தில், தொலைதூரத்திலிருந்து வாங்காமல் இருப்பதே மேல். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா எல்லாம் பொடியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது நுண்ணுயிர். தகரக் கூரைக் கிடங்கில், வெயிலில் நிற்கும் வண்டியில் பத்து நாள் கிடந்தால் கைக்கு வருவது வெறும் சுமைப்பொடி. நெல் தண்டுத் துளைப்பானுக்குக் கட்டும் டிரைக்கோகிரம்மா அட்டை இன்னும் மோசம். முட்டை ஒட்டுண்ணி ஒரு வாரம் பத்து நாளில் குளவியாக வெளிவந்துவிடும். தாமதமான பார்சலைப் பிரித்தால் உள்ளேயே பொரித்துச் செத்த குளவிதான் இருக்கும். ஏக்கருக்கு 2 சி.சி. அட்டை என்று கணக்குப் போட்டு வாங்கி என்ன பயன்? இதை அருகில் உள்ள ஒட்டுண்ணி உற்பத்தி மையத்தில் தேதி சொல்லி வைத்து, நேரில் போய் எடுத்துவருவதுதான் வழி.

பார்சலில் வந்த எந்த விதையையும் பிரிப்பதற்கு முன் அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை. குவியல் எண், சோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அட்டையே இல்லாமல், பளபளப்பான படம் போட்ட உறையில் வந்தால் அது விதை விற்பனையே அல்ல. அதை விதை ஆய்வாளரிடம் காட்டலாம். பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. 100 விதையை எண்ணி, நனைத்த சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்திருக்கிறது என்று பாருங்கள். வெண்டைக்கு 65, தக்காளி, கத்தரிக்கு 70, மிளகாய்க்கு 60, நெல்லுக்கு 80 முளைக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இன்னும் நான்கைந்து நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடங்கு கிடங்காகச் சுற்றிவந்த விதைக்கு இந்தச் சோதனை கட்டாயம். அட்டையையும் ஒரு கைப்பிடி விதையையும் அறுவடை முடியும்வரை எறிய வேண்டாம். உச்ச நீதிமன்றம் எதிர்பார்க்காவிட்டாலும் கையில் இருந்தால் வழக்கு எளிது.

கேளம்பாக்கம் வாசகர் ஒருவரின் கேள்வியும் இதையொட்டியதுதான். பூச்சிமருந்தை ஆன்லைனில் வாங்குவது சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறார். சரிதான். 2022 நவம்பரில் பூச்சிக்கொல்லி விதிகளைத் திருத்தி மத்திய அரசு அதை அனுமதித்தது. ஆனால் விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும், அந்த உரிமம் செல்லுபடியாகிறதா என்று சரிபார்ப்பது தளத்தின் பொறுப்பு. வாங்கலாம் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. நெல்லில் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதம் நடுக்குருத்துக் காய்தல் தெரிந்தால் தண்டுத் துளைப்பானுக்கு மருந்து தேவை. அந்த அளவைத் தொட்ட பிறகு ஏழு நாள் பார்சலுக்குக் காத்திருக்கப் பயிருக்கு நேரமில்லை. புழு தண்டுக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. அவசர மருந்தை உரிமம் உள்ள உள்ளூர்க் கடையில், குவியல் எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள். ஆன்லைனில் வந்த டப்பாவில் மூடி முத்திரை உடைந்திருந்தாலோ, நெடி வெளியே அடித்தாலோ, பார்சலை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் அப்படியே படம் எடுத்து வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் வாங்கிக்கொண்டதாகப் பதிவாகிவிடும். பார்த்த பிறகே சொல்லுங்கள்.